டாலரன்ஸ் குறிக்காத கொழுக்கட்டை

"…அதுவும் வேணாங்குது, இதுவும் வேணாங்குது. பால் வேணாம், தயிர் வேணாம், நெய் வேணாம், முட்டை வேணாம், காரம் வேணாம். வேணுங்கிறது என்னன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க சார், நான் பண்ணிப் போடறேன். அப்படியும் அந்தம்மா சாப்பிடலைன்னா திங்கக்கெழமை உங்க கேட்டரிங் வேன் தாராளமா வரட்டும். சாவிய நானே கேட்டுல குடுத்துட்டுப் போறேன்."

கேன்டீன் அக்கா இதை ஒர்க்ஸ் மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். சொல்லும்போது கையில் இருந்த சாம்பார்க் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அதனால் மேனேஜர் இரண்டடி தள்ளியே நின்றார்.

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் மாத்திரை அட்டை கட்டும் மெஷின் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் டூல் ரூமில் ஃபிட்டர். தொண்ணூற்றெட்டோ ஒன்பதோ, சரியாக நினைவில்லை. புது மாடல் மெஷினை ஓட வைத்துக் காட்ட இத்தாலியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. முதல் நாளே ஓவரால் மாட்டிக்கொண்டு மெஷினுக்கு அடியில் படுத்துவிட்டார். வேலை தெரிந்தவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அவர் உயிரோடு ஊர் போய்ச் சேருவாரா என்பதில்தான். வந்து பத்து நாள், வாழைப்பழமும் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் விற்கும் வேர்க்கடலையும் தவிர அவர் எதையும் தின்றதாகத் தகவல் இல்லை. மாட்டிலிருந்தும் கோழியிலிருந்தும் வரும் எதையும் தொடமாட்டார். மிச்சமிருந்ததை எங்கள் அக்காவின் மிளகாய் தொடவிடவில்லை.

மேனேஜர் கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், பாதி கன்னடம் கலந்து வரும். "நோடம்மா, ஒரு கெஸ்டுக்கு நம்ம கேன்டீன்ல ஊட்டம் போட முடியலைன்னா, நாளைக்கு கஸ்டமர்ஸ் வந்தா என்ன மாடோது? கேட்டரிங்காரன் எல்லா தரம் சாப்பாடும் பண்றேங்கிறான். அவங்களுக்கு ஒருத்தருக்குன்னு வேன் வராது. வந்தா எல்லாருக்கும் வரும்."

எல்லாருக்கும் வந்தால் அக்காவுக்கு இடமில்லை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து, ஷெட்டுக்குக் கூரை போடுகிற காலத்திலிருந்து நூற்றறுபது பேருக்குச் சமைக்கிறவர். சனிக்கிழமை ஆயுத பூஜை. அன்றைக்குப் பந்தியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். "அன்னைக்கு அவங்க நம்ம எலையில சாப்பிட்டா சரி, இல்லைன்னா திங்கட்கிழமை வேன்" என்று மேனேஜர் கெடு வைத்தார். வைத்துவிட்டு அக்காவிடமே ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வேண்டியது என்ன என்று கேட்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த இத்தாலி அம்மாவின் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே மட்டம். அதனால் நன்றாகப் புரிந்தது. மெஷினுக்கு அடியிலிருந்தபடியே அவர் சொன்னார்: எங்கள் ஊரில் இது இலை உதிர்கிற காலம், சிவப்புப் பூசணி வீட்டுக்கு வரும் காலம். அதைச் சுட்டு மசித்து, மாவுக்குள் அடைத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்போம். என் அம்மா முட்டையும் சீஸும் சேர்ப்பார், நான் சேர்ப்பதில்லை. நாங்கள் பெங்களூரில் இலை உதிர்கிற காலம் என்று ஒன்றைத் தனியாகக் கவனித்ததில்லை. மழை இருக்கும், அப்புறம் ஸ்வெட்டர். இருந்தாலும் தலையாட்டிவிட்டு, பால் ஏன் கூடாது என்றும் கேட்டு வைத்தேன். அது கன்றுக்குட்டிக்குச் சேர வேண்டியது என்றார்.

அப்படியே போய் அக்காவிடம் ஒப்பித்தேன்.

"கன்னுக்குட்டிக்குன்னு ஒரு காம்பு விட்டுட்டுத்தான் கறக்கறோம்னு சொல்லு தம்பி."

திரும்பி வந்து சொன்னேன். "கவ் ஃபோர். ஒன் ஃபார் பேபி." அந்த அம்மா மெஷினுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். மீதி மூன்று யாருக்கு என்று கேட்டார்.  அந்தக் கேள்வியை நான் அக்காவிடம் கொண்டுபோகவில்லை.

"பூசணிக்காய அடைச்ச கொழுக்கட்டை. அவ்ளோதானே? தண்ணியில போட்டு எடுக்கணும். நாம ஆவியில வேக வைக்கறோம், அவங்க தண்ணியில வேக வைக்கறாங்க. இதுக்கா பத்து நாள் பட்டினி கெடந்துச்சு அந்தம்மா?" என்றார் அக்கா.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் டூல் ரூமில் போய்ச் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஃபோர்மேன் கோலார் தங்கவயல்காரர். சுரங்க ஒர்க்‌ஷாப்பில் கை பழகியவர், லிங்கராஜபுரத்தில் வீடு. எதையும் டிராயிங் இல்லாமல் நம்பமாட்டார். அவர் சம்சாரம் ஒருமுறை சுவரில் அலமாரி வேண்டும் என்று கேட்டதற்கு, முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம் இரண்டும் வரைந்து கொடுக்கச் சொன்னார் என்பது எங்களுக்குள் பிரபலம். கேன்டீனைக் காப்பாற்றியாக வேண்டும் என்று அவரும் நினைத்தார். அவருக்குத் தெரிந்த வழியில் நினைத்தார்.

"அந்தம்மாகிட்ட டிராயிங் வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன். அந்த அம்மா ஒரு சதுரம் வரைந்து, ஐம்பதுக்கு ஐம்பது என்று எழுதி, நடுவில் பூசணி என்பதற்காக ஒரு வட்டம் போட்டிருந்தார். ஃபோர்மேன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தடிமன் எங்க? கூடக் கொறைய எவ்ளோ போகலாம்னு டாலரன்ஸ் எங்க? டாலரன்ஸ் போடாத டிராயிங்கை நான் கையால தொட மாட்டேன்."

"சாப்பிடறதுக்கு எதுக்குண்ணா டாலரன்ஸ்?"

"அப்ப ஒண்ணு வேகும், ஒண்ணு வேகாது. பரவால்லியா?"

மறுபடி போனேன். அந்த அம்மாவுக்கு அது விசித்திரமாகவே படவில்லை. யோசித்து, மாவுத் தகடு ஒரு மில்லிமீட்டர், கூடவோ குறையவோ பூஜ்யம் புள்ளி இரண்டு என்று எழுதிக் கொடுத்தார். ஃபோர்மேன் முகம் முதன்முறையாக மலர்ந்தது. "படிச்ச பொம்பள" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

ஒரு அலுமினியத் தட்டை எடுத்து, அதில் பன்னிரண்டு குழி மில்லிங் செய்தேன். விளிம்புகளை மாவு வெட்டுப்படும்படி கூர்மையாக விட்டேன். மேலே அழுத்த அதே அளவில் ஒரு மூடி. இப்படி வெட்டுகிற அச்சுக்கு எங்கள் பேச்சில் டை என்று பெயர். பக்கத்தில் இரண்டு கம்பி, அதன்மேல் உருளை ஓடினால் மாவு சரியாக ஒரு மில்லிமீட்டருக்கு வரும். உணவு படுகிற சாமான் என்பதால் பஃப் செய்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வைத்தேன். அந்த வருஷம் நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். மற்றவை எல்லாம் மாத்திரைக்குத்தான் போயின.

வியாழக்கிழமை மத்தியானம் சோதனை. அக்கா மைதாவும் நைசான சிரோட்டி ரவையும் சரிபாதி கலந்து, உப்பும் ஒரு கரண்டி கடலை எண்ணெயும் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிக் கொண்டுவந்தார். முட்டை இல்லாமல் மாவு நிற்க ரவைதான் வழி என்பதை அவரே கண்டுபிடித்திருந்தார். உள்ளே அடைக்க அப்போதைக்கு உருளைக்கிழங்கு. ஃபோர்மேன் மாவுத் தகட்டை மைக்ரோமீட்டரில் அளந்தார். மைக்ரோமீட்டரின் வாயில் மாவு ஒட்டிக்கொண்டது. சுரண்டிவிட்டு மறுபடி அளந்தார். ஐந்து இடத்தில் அளந்து எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டும் அச்சில் வார்த்தது போல வந்தன. கொதிக்கும் தண்ணீரில் போட்டோம். பன்னிரண்டும் வாயைத் திறந்தன. உருளைக்கிழங்கு தனியாக, மாவு தனியாக மிதந்தது.

அக்கா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கொழுக்கட்டைக்கு எந்தக் காலத்துலயாவது டை போட்டாங்களா?" என்றார். 

கோளாறு என்னுடையதுதான். விளிம்பு வெட்டியதே தவிர, இரண்டு தகடுகளையும் ஒட்டவில்லை. அந்தக் கூர்மையை மழுக்கி, இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு தட்டை விளிம்பு விட்டேன். வெள்ளிக்கிழமை இரண்டாவது சோதனையில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. ஃபோர்மேன் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதி, பாஸ் முத்திரை குத்தி, ஃபைலில் சேர்த்தார். பாகத்தின் பெயர் என்ற இடத்தில் "கேன்டீன் ஐட்டம்" என்று போட்டார்.

சனிக்கிழமை காலை எல்லாம் சரியாகவே நடந்தது. ஓசூர் ரோடு நெடுக வெள்ளைப் பூசணி குவிந்திருந்தது, மெஷினுக்கு மெஷின் உடைக்க வேண்டுமே. சிவப்புப் பூசணி எங்கும் கிடைக்காமல், அக்கா சந்தாபுரம் வரை போய் ஒன்றை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மசியல் கெட்டியாக நிற்கச் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் வாங்கியிருந்தார். கேன்டீனில் சுடுவதற்கு அடுப்பு இல்லை. வெல்டிங் ராடு காயவைக்கும் மின்சார அடுப்பு ஒன்று புதிதாக வந்து, ராடே பார்க்காமல் எங்கள் டூல் ரூமில் இருந்தது. நாலு பேருடைய டிபன் பாக்ஸில் துண்டுகளை அடுக்கி அதற்குள் வைத்தோம். "புது அடுப்புக்கு எப்படியும் பூசணிக்காய்தானே உடைப்போம். இது உள்ள போகுது, அவ்ளோதான்" என்று ஃபோர்மேன் அனுமதி கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் டூல் ரூம் பூராவும் இனிப்பு வாசனை. பெல்ட்டும் கூலன்ட்டும் நாறுகிற இடத்தில் அப்படி ஒரு வாசனை வந்தது அதுதான் முதல்முறை.

அக்கா அதை மசித்தார். வறுத்த வேர்க்கடலையைக் கரகரப்பாகப் பொடித்துச் சேர்த்தார், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். உப்பு, கொஞ்சம் மிளகு. அந்த அம்மா எழுதிக் கொடுத்த ஜாதிக்காயை நாட்டு மருந்துக் கடையில் வாங்கியிருந்தோம். கடைக்காரர் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். மசிக்கும்போது அக்காவின் கை மூன்று முறை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் போனது. மூன்று முறையும் வெறுங்கையாகத் திரும்பியது. அதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது அவர் சாம்பாரைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பதினோரு மணிக்குப் பூஜை. மெஷினுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று. டூல் ரூமில் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, வெர்னியர், மைக்ரோமீட்டர், அரம், சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தோம். ஃபோர்மேன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜைக்கு டூல் ரூம் கற்பூரத்தை வேறு யாரும் காட்ட அவர் விட்டதில்லை. கற்பூரம் காட்டி, பொரி கடலை கொடுத்து, பூசணிக்காய் உடைத்து முடிந்தது.

பதினொன்றரைக்கு அக்கா வந்து வாசலில் நின்றார்.

"தம்பி, அந்தத் தட்டக் குடு. மாவு ரெடி."

நான் மேஜையைப் பார்த்தேன். நடு மத்தியில், எல்லாவற்றுக்கும் முன்னால், பளபளவென்று என் டை. மூலைக்கு ஒன்றாக நாலு சந்தனப் பொட்டு, நடுவில் பெரிய குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப்பூ. பக்கத்தில் உருளை, அதற்கும் பொட்டு. வைத்தவன் வேறு யாருமில்லை, நான்தான். வருஷத்தின் நல்ல வேலையை முன்னால் வைக்காமல் அரத்தையா வைப்பார்கள் என்று காலையில் எனக்குத் தோன்றியது. பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பத்து வருஷமாகத் தெரியும். ஆனால் அது சமைக்கிற சாமான் என்பது அப்போது நினைவில் இல்லை. என் கண்ணுக்கு அது டூல்.

விஷயம் பரவி மேனேஜர் வந்தார். "எடுத்துக் கழுவிட்டு யூஸ் பண்ணுங்க. ஏனாகல்ல, ஒண்ணும் ஆகாது."

ஃபோர்மேன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். கையைக் கட்டிக்கொண்டார். 

அக்கா இரண்டு பேரையும் பார்த்தார். "சாமிகிட்ட வச்சத எடுத்துச் சமைச்சிட்டு, நாளைக்கு எந்த மெஷினாவது நின்னா, பழி யாரு தலையில விழும்? வேணாம் சார். அதான் ஒக்காந்துடுச்சு இல்ல, ஒக்காரட்டும்."

"அப்ப அவங்க ஊட்டம்?" என்றார் மேனேஜர்.

"என் கை சும்மாத்தானே இருக்கு."

"உங்க கத்தி, கரண்டிக்கெல்லாம் பூஜை பண்ணலியா?"

"எனக்கு இன்னைக்கு நூத்தறுபது எலைன்னு சாமிக்குத் தெரியும். என் கரண்டிக்கு நாளைக்குப் பொட்டு."

அக்கா என் பக்கம் திரும்பாமலே நடந்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பரிகாரமாகக் கூடவே கேன்டீனுக்குப் போனேன். காலி ஜூஸ் பாட்டில் ஒன்றைக் கழுவிக் கொடுத்தார், அதை வைத்து மாவைத் தேய்த்தேன். அளக்க எதுவும் இல்லை. அடியில் செய்தித்தாளை வைத்து, எழுத்து மங்கலாகத் தெரிகிற பதம் வந்தால் போதும் என்றார். டம்ளர் வாயால் வட்டமாக வெட்டினேன். அக்கா பூசணியை வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஃபோர்மேன் பார்த்திருந்தால் மொத்தத்தையும் ரிஜெக்ட் செய்திருப்பார்.

பத்துப் பதினைந்து கொழுக்கட்டை முடிந்திருக்கும். அந்த அம்மா எதற்கோ என்னைத் தேடிக்கொண்டு கேன்டீனுக்குள் வந்தவர், அப்படியே நின்றார். நெற்றியில் யாரோ வைத்துவிட்ட குங்குமம், காதில் பென்சில். அக்காவின் விரல்களைப் பார்த்தார். குழாயில் முழங்கை வரை கை கழுவினார். ஓவராலில் துடைத்துக்கொள்ளப் போனவரை அக்கா தடுத்து, தன் முந்தானையைக் கொடுத்தார்.

அக்கா மடித்த ஒன்றை அவர் எடுத்தார். அந்தப் பிறை வடிவத்தைத் தன் சுண்டுவிரலைச் சுற்றி வளைத்து, இரண்டு முனையையும் சேர்த்து அழுத்தி, விரலிலிருந்து உருவினார். சின்ன மோதிரம் போல இருந்தது. தட்டில் வைத்துவிட்டு அவர் மொழியில் என்னவோ சொன்னார்.

"மூக்குத்தி வளையம் மாதிரி இருக்கு" என்று அக்கா தமிழில் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒன்றைச் சுற்றினார். முதலாவது கொஞ்சம் கோணல். இரண்டாவதிலிருந்து யார் செய்தது எது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே செய்தார்கள். அவர் அவர் மொழியில், இவர் தமிழில். அக்கா தன் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னார், அந்த அம்மா தலையாட்டித் தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். நான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். மாவு தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சோற்று அண்டாவில் தண்ணீர் கொதித்ததும் போட்டார்கள். அடியில் போனவை ஒவ்வொன்றாக மேலே வந்தன. இரண்டே இரண்டு வாய் திறந்தன, அவை நான் ஓரத்தில் மாவு தூவியதால். தாளிக்க என்ன என்று பார்த்தபோது, அந்த அம்மா அவர் ஊர் இலை ஒன்றின் பெயரைச் சொன்னார். எங்களிடம் கறிவேப்பிலைதான் இருந்தது. கடலை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துக் கொட்டினார் அக்கா. கொட்டும்போது, "இதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அந்த அம்மாவிடம் சொன்னது போலவும் இருந்தது, வேறு யாரிடமோ சொன்னது போலவும் இருந்தது.

ஒரு மணிக்குப் பந்தி. ஷெட்டில் பாய் விரித்து, இலை போட்டு, மேனேஜரும் அந்த அம்மாவும் முதல் வரிசையில். எதிரே ஃபோர்மேன். புளியோதரை, வடை, பாயசம் எல்லாம் மற்ற இலைகளில் விழுந்தன. அந்த அம்மாவின் இலையில் மட்டும் பூசணி மோதிரங்கள். நெய் வாளியோடு வந்தவரை அக்கா பாதி வழியிலேயே கண்ணால் வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

 எல்லோரும் தங்கள் இலையைப் பார்ப்பது போல அந்த இலையைப் பார்த்தார்கள். அக்கா ரச வாளியோடு தூணோரம் நின்றார். வாளி கனமானது, கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அந்த அம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். ரொம்ப நேரம் மென்றது போல எனக்குத் தோன்றியது. இரண்டாவதை எடுத்தார். அப்புறம் நிறுத்தவில்லை. நான் பதினெட்டு வரை பார்த்தேன், அதற்குப் பிறகு பார்ப்பது மரியாதையில்லை. முடித்துவிட்டு, இலையில் தேங்கிய எண்ணெயைக் கடைசித் துண்டால் வழித்துச் சாப்பிட்டார். பொரித்த கறிவேப்பிலையைக்கூட விடவில்லை. நாங்களே அதை ஒதுக்கி வைக்கிறவர்கள்.

மேனேஜர் தன் இலைக்கு ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார். "சப்பே இதே, காரமே இல்ல. உப்பினகாயி இருக்கா?" என்று ஊறுகாய் கேட்டார். ஃபோர்மேன் ஒன்றைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல" என்றார். பிறகு நாலு சாப்பிட்டார்.

அந்த அம்மா வெற்றிலைக்குக் காத்திராமல் என்னைக் கூப்பிட்டார். மெஷின் முடிய இன்னும் ஒன்பது நாள் ஆகும், ஒன்பது நாளும் இந்தச் சமையலறையிலேயே சாப்பிடலாமா, காலையில் அரைமணி முன்னால் வந்து தானும் கை கொடுக்கிறேன், மேனேஜரிடம் கேட்டுச் சொல் என்றார். மேனேஜர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் தமிழில் சொன்னேன், ஷெட் முழுக்கக் கேட்கும்படி.

மேனேஜர் ஊறுகாய் விரலைச் சூப்பிக்கொண்டார். அக்கா நின்ற பக்கம் திரும்பினார்.

"ஆயித்தம்மா. வேன்காரனுக்கு வேணாம்னு போன் பண்ணிடறேன். நீங்களே பார்த்துக்கோங்க."

அக்கா தூணிலிருந்து நகர்ந்து முதல் வரிசைக்கு வந்தார்.  

"சாப்பிட்டாச்சுன்னா எலைய மடிச்சிட்டு எந்திரிங்க சார். ரெண்டாவது பந்தி வெயில்ல நிக்குது" என்று சொல்லிவிட்டு, இன்னும் ரசம் வராத கடைசி இலையை நோக்கி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.